ஒற்றை வாலன்

சின்னவள் வேலைக்குப் போகும் நாட்களில் நகத்துக்குச் சாயம் பூச மாட்டாள், கைக்குக் களிம்பு தடவ மாட்டாள், சென்ட் பாட்டில் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் தெருவே அவளை எளிமையான பெண் என்று மெச்சியது. எளிமையுமில்லை, ஒன்றுமில்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் எந்தப் பொருளைத் தேடி அளக்கிறாளோ அதே பொருள் களிம்பிலும் சாயத்திலும் சென்ட்டிலும் இருந்தது. பூசிக்கொண்டு போனால் கருவி செடியை விட்டுவிட்டு அவள் கையை அளந்து காட்டும். ஒருமுறை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கணக்கர் தலையில் தடவிய வாசனைத் தைலத்தால் ஒரு மாத வேலை குப்பைக்குப் போயிருக்கிறது. தன்னைக் கண்டதும் எல்லோரும் ஏன் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பொருளுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அதை மெதுவாக்கி என்பார்கள். பெயர் வைத்தது பெரியவள். பிளாஸ்டிக் தன் இயல்பில் விறைப்பானது, வளைத்தால் உடையும். அதைத் தோட்டக் குழாயாகவும் மழைக்கோட்டாகவும் பிள்ளைகள் கடிக்கிற பொம்மையாகவும் வளைய வைப்பதற்கு எண்ணெய் போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டி உறவாடுவதில்லை, சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கும். வெயில் பட்டால், வருஷம் போனால், கசிந்து வெளியே வந்துவிடும். மண்ணில் இறங்கினால் லேசில் போகாது. உடம்பில் இறங்கினால், அதிலும் சின்ன உடம்பில் இறங்கினால், சுரப்பிகளைக் குழப்பிவிடும்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஒரு சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் இருந்தால் என்ன நடக்கும் என்று தெருவுக்குத் தெரியும். இங்கே அது நடக்கவில்லை என்பதில் தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதற்குக் காரணம் பெரிய மனசு என்று சொல்லிவிட முடியாது. பெரியவள் விடிந்ததும் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவாள், சின்னவள் பஸ்ஸைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவாள், சண்டை போட நேரம் வாய்க்கவில்லை. அண்ணன் லாரி ஓட்டினார், தம்பி பஸ் ஓட்டினார். சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டிவிட்டு இருவரும் எழுந்துபோவார்கள். வீட்டை நடத்தியது பெண்கள் இருவரும்தான்.

பிறகு பாப்பா வந்தாள். சின்னவளுக்கு ரொம்ப நாள் குழந்தை தங்கவில்லை. தங்கிப் பிறந்தபோது வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. பெரியவளின் பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடி வெளியூர்களுக்குப் போயிருந்தார்கள், அவள் இடுப்பு காலியாக இருந்தது. பாப்பா அதில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. பெற்றது நீயா நானா என்று பெரியவள் சீண்டுவாள், பெற்றது நான், அடிமை நீங்கள் என்று சின்னவள் திருப்பிக் கொடுப்பாள். மெதுவாக்கிக்குப் பயந்து வீட்டிலிருந்த மெத்தென்ற பொம்மைகளையும் கடிவளையங்களையும் சின்னவள் மூட்டை கட்டி வெளியேற்றிவிட்டதால், மகாராணிக்கு எவர்சில்வர் கரண்டியைக் கடித்தே பல் முளைத்தது.

பெரியவளின் தோட்டம் வீட்டுக்குப் பின்னால் நீளமாகப் போய் ஒரு மதிலில் முடியும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் தோட்டக் குழாய் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அதை மூடிவிட்டுப் போனவர்கள் சில பீப்பாய்களை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். மறந்துவிட்டோம் என்பது அவர்கள் சொன்னது. பீப்பாய்கள் துருப்பிடித்து, உள்ளே இருந்த மெதுவாக்கி மழைத் தண்ணீரோடு மதிலடியில் ஊறி இந்தப் பக்கம் வந்தது. மதிலோரத்தில் எதையும் விதைக்க வேண்டாம் என்று தடுத்தது சின்னவள்தான். தோட்டத்தில் பாதி அது, அதுவும் மண் பொலபொலவென்று இருக்கும் நல்ல பாதி. பெரியவள் மறுபேச்சில்லாமல் தரிசாக விட்டாள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு மட்டும் விடுவாள், சின்னவள் காதில் விழுகிற மாதிரி.

ஆய்வுக்கூடத்தில் சின்னவள் வளர்த்தது செடியைக்கூட அல்ல, செடியின் செல்களை. ஒரு கேரட் துண்டிலிருந்து பிரித்தெடுத்தவை, வேரும் இல்லாமல் இலையும் இல்லாமல், கண்ணாடிக் குடுவைகளில் சர்க்கரைத் தண்ணீரில் மிதந்தன. அடியில் படிந்தால் மூச்சுமுட்டிப் போகும் என்பதால் ஒரு மேசை அந்தக் குடுவைகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். தொட்டிலாட்டி சம்பளம் வாங்குகிறாள் என்று தம்பி சிரிப்பார். குடுவைக்குள் மெதுவாக்கியைச் சொட்டுவிட்டு, நாளாக ஆக எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளப்பது அவள் வேலை.

மெதுவாக்கியின் மூலக்கூறுக்கு நடுவில் ஒரு வளையம், இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட வால். செல்லுக்குள் இருக்கும் நொதிகள் கத்தரிக்கோல் மாதிரி முதலில் ஒரு வாலை வெட்டும், அப்புறம் அடுத்த வாலை. ஆய்வுக்கூடத்தில் இவற்றுக்கெல்லாம் செல்லப் பெயர்கள் இருந்தன: இரட்டை வாலன், ஒற்றை வாலன், மொட்டை. மொட்டை சாது, அதைச் செல் பிய்த்துத் தின்றுவிடும். இரட்டை வாலன் சோம்பேறி. மூவரில் பொல்லாதவன் ஒற்றை வாலன். உடம்புக்குள் புகுந்து வேண்டாத வேலையெல்லாம் செய்வது பெரும்பாலும் அவன்தான்.

குடுவைகளில் இரட்டை வாலன் குறைந்தான். ஒற்றை வாலன் தலைகாட்டினான், கொஞ்ச நாளில் அவனும் குறைந்தான். கடைசியில் இரண்டு பேருமே கருவிக்குத் தட்டுப்படவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள், அதேதான். அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்கு நடந்து வந்தாள் என்று சொல்ல முடியாது, பறந்து வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டினாள். வளையம், வால், கத்தரிக்கோல், மொட்டை. அண்ணனும் தம்பியும் முறைப்படி தலையாட்டினார்கள். பெரியவள் பாப்பாவுக்குக் கரண்டியால் தட்டில் தாளம் போட்டுக் காட்டியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப கேரட் அதை என்னதான் பண்ணுது?"

"செரிச்சிடுதுக்கா," என்றாள் சின்னவள்.

அந்தச் சொல்லை அவள் அதுவரை சொன்னதில்லை. ஆய்வுக்கூடத்தில் குறைகிறது என்பார்கள், மாறுகிறது என்பார்கள், தட்டுப்படவில்லை என்பார்கள். அளந்ததற்கு மேல் ஓர் எழுத்துகூடப் பேசக்கூடாது என்றுதான் அவளுக்கு வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வீட்டில், வயிறு நிறைந்த சந்தோஷத்தில், பிரியமானவர்களிடம் யார் உட்கார்ந்து தட்டுப்படவில்லை என்று பேசுவார்கள்? பெரியவளுக்கும் செரித்துவிடுகிறது என்பது சட்டென்று விளங்கியது. செரித்தால் முடிந்தது, அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது. அவள் தலையை மெல்ல அசைத்தாள், ஜன்னல் வழியாக மதிலோரத்தைப் பார்த்தாள்.

அடுத்த விதைப்பில் மதிலோரம் முழுக்கக் கேரட் போட்டாள். கேட்டுவிட்டுத்தான் போட்டாள். குடுவையில் மிதப்பது வேறு, மண்ணில் வளர்வது வேறு என்று சொல்லச் சின்னவள் வாயெடுத்தாள். பெரியவள் விதைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும், விளைந்ததும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுருக்கிக்கொண்டாள். விளைந்தது. நெருக்கம் கலைக்கப் பிடுங்கிய இளங்கேரட்டை நகரச் சோதனை நிலையத்துக்கு அனுப்பினார்கள். மெதுவாக்கி இல்லை என்று பதில் வந்தது. எங்க வீட்டு விஞ்ஞானி அப்பவே சொன்னா என்று பெரியவள் அந்தத் தாளைத் தெருவில் காட்டாத ஆள் பாக்கியில்லை. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற காப்பகம் ஒன்று தெருமுனையில் இருந்தது. இந்தப் பருவத்துக்குக் கேரட் முழுக்க உங்களிடம்தான் என்று அதன் சமையல்கார அம்மா சொல்லிவிட்டாள். பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாப்பாவுக்குப் பால் தவிர்த்த முதல் சாப்பாடு அந்த இளங்கேரட்தான். வேகவைத்து, மசித்து, ஆறவைத்து, உதட்டில் தொட்டுப் பார்த்துப் பெரியவள் ஊட்டினாள். முதல் நாள் பாப்பா அதைச் சுவரில் துப்பினாள். மூன்றாம் நாள் கிண்ணத்தையே முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நக்கினாள். உன் படிப்பை உன் மகள் நக்கிச் சாப்பிடுகிறாள் பார் என்று பெரியவள் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னவளுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை அடக்க அந்த வீடு போதவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவர் கூச்ச சுபாவி. யாரையும் கடிந்து பேச மாட்டார், கடிந்து பேச வேண்டியிருந்தால் இருமுவார். சின்னவள் எழுதிக் கொடுத்த கட்டுரையைப் படித்துவிட்டு இருமினார். குடுவையில் போட்டதையும் வெட்டுப்பட்டு வந்ததையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இடிக்கிறதே, மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டார். செல்லின் சுவரில் ஒட்டியிருக்கும் என்றாள் சின்னவள். சுவரைச் சுரண்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் இருந்தது, அதைச் சேர்த்த பிறகும் இடித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதிதாக ஒன்றுமில்லை, கல்லூரியின் முதல் வருஷத்தில் படித்ததுதான். வேண்டாததை வெளியே தள்ள விலங்குக்கு வழி இருக்கிறது, செடிக்கு இல்லை. நட்ட இடத்தில் நிற்கிற பிறவி அது, எதையும் எங்கேயும் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. தின்ன முடியாத ஒன்று உள்ளே வந்தால் அதன் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு சர்க்கரையைக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் பெரிய நீர்ப்பைக்குள் தள்ளி வைத்துக்கொள்ளும். சர்க்கரை கட்டிய ஒற்றை வாலனைக் கருவிக்கு அடையாளம் தெரியாது. கருவியிடம் தேடச் சொன்னது ஒற்றை வாலனை, மாறுவேஷத்தில் இருப்பவனை அல்ல.

பாதாம்பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு நொதி அந்தச் சர்க்கரைக் கட்டை அவிழ்க்கும். செல்களை அரைத்து, சாற்றில் அதைக் கலந்து, இளஞ்சூட்டில் வைத்திருந்து, கருவிக்குக் கொடுத்தாள். ஒற்றை வாலன் திரையில் எழுந்து நின்றான். மெதுவாக்கி எல்லாமே அப்படி ஒளிந்திருக்கவில்லை. பெரும் பகுதியைச் செல் உண்மையாகவே வெட்டித் தின்றிருந்தது. ஆனால் தின்னாமல் கட்டிவைத்திருந்ததும் சில்லறை இல்லை.

தலைவர் மகிழ்ந்துபோனார். இதுதான் நல்ல கட்டுரை, இனி ஒரு வரியைத் திருத்தினால் போதும் என்றார். சின்னவள் தலையாட்டினாள், வீட்டு ஆண்கள் ஆட்டுகிற மாதிரியே. பாதாம் நொதியைப் போன்றவை மனிதக் குடலில் உண்டு, அங்கே குடியிருக்கும் கிருமிகளிடமும் உண்டு. கேரட்டுக்குள் கட்டுப்பட்டு வருவது வயிற்றுக்குள் அவிழும். இது தலைவருக்கும் தெரியாததல்ல, ஆனால் அவர் வீட்டில் யாரும் மதிலோரத்தில் விதைத்திருக்கவில்லை.

மறுநாள் காலை சமையலறைக் கூடையிலிருந்து நாலைந்து கேரட்டை எடுத்துத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். எல்லோரும் சாப்பிடப் போன இடைவேளையில் அரைத்தாள். நொதி சேர்க்காத சாற்றில் ஒன்றுமில்லை. சோதனை நிலையம் பொய் சொல்லவில்லை. நொதி சேர்த்த சாற்றில் அவன் இருந்தான். குடுவையில் இருந்த அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான். ஆனால் அது யாருக்குக் கொஞ்சம்? லாரி ஓட்டுகிற அண்ணனுக்குக் கொஞ்சம். கரண்டி கடிக்கிற பாப்பாவுக்கு எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை, யாரைக் கேட்டாலும் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க அவளால் முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று தெளிவாயிற்று. இது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டுரையில் குடுவைகளைப் பற்றித்தான் இருக்கும், மதிலோரத்தைப் பற்றி இருக்காது. சோதனைத் தாளில் இல்லை என்று இருக்கிறது, தோட்டத்தில் நல்ல விளைச்சல், பெரியவள் இத்தனை வருஷத்தில் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. பாப்பாவுக்கு மட்டும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கோழைத்தனமான யோசனைதான். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குக் கோழைத்தனமும் அக்கறையும் சில நேரம் ஒரே முகத்தோடு வரும், அவளும் அது அக்கறைதான் என்று தன்னை நம்பவைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போது பெரியவள் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் போனில் பேசியதாகவும், பாப்பாவுக்குக் கொஞ்ச நாளைக்குக் கேரட் வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொன்னதாகவும் சின்னவள் சொன்னாள். நேற்றுவரை வயிறு நன்றாகத்தானே இருந்தது என்றாள் பெரியவள். அப்புறம், சரி, டாக்டருக்குத் தெரியாததா என்று தானே சமாதானமாகி, மசித்ததை வீணாக்க மனமில்லாமல் பாப்பாவின் கரண்டியாலேயே வழித்து வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சின்னவள் செருப்பைக் கழற்றியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரத்தில் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. சின்னவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, பெரியவள்தான் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். வந்தவள் ஊசியைப் பற்றிச் சொன்னாள், பாப்பா நர்ஸின் மூக்கைப் பிடித்து இழுத்ததைச் சொன்னாள், வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாப்பிடும்போது சின்னவளைப் பார்க்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். நமக்கு வேண்டியபடி நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கேரட் பிடுங்கினாள். மறுநாள் காலை காப்பகத்துக்குப் போக வேண்டிய முதல் நடை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தழையைத் திருகி எறிந்து, மண்ணைக் கழுவி, கூடைகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் இருவரும் வேலையில் இருந்தார்கள், பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். உதவலாம் என்று சின்னவள் போய் எதிரே குந்தினாள். பெரியவள் கையிலிருந்த கேரட்டைக் கழுவி முடித்தாள்.

"டாக்டரைக் கேட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம். கேரட் நல்லதுன்னார்."

பெரியவள் அடுத்த கேரட்டை எடுத்தாள்.

"என் கை சுத்தமில்லைன்னு தோணிச்சுன்னா நேரா சொல்லியிருக்கலாம். உன் பிள்ளை. நீ வேண்டாம்னா நான் தொடவா போறேன்?"

பெரியவள் வாயில் அந்தக் குழந்தை அதுவரை நம்ம பாப்பாவாகத்தான் இருந்தாள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியோடு வாங்கி ஏந்தும்போதே நம்ம பாப்பா என்றுதான் சொன்னாள். உன் பிள்ளை என்று கேட்டதும் சின்னவள் நிமிர்ந்தாள். இத்தனை நாள் சொல்லாமல் பிடித்துவைத்திருந்ததை அதற்குமேல் பிடித்துவைக்க முடியவில்லை.

"செரிக்கலக்கா. நான் தப்பாச் சொல்லிட்டேன். செரிக்கல, உள்ளயே கட்டி வச்சிருக்கு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரைக் கட்டையும் நீர்ப்பையையும் சொன்னாள், கைப்பையில் திருட்டுத்தனமாகக் கொண்டுபோன கேரட்டைச் சொன்னாள். சோதனையில் இல்லை என்று வந்ததே என்று பெரியவள் கேட்டாள். அவர்கள் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை என்றாள் சின்னவள். நாம் தின்றால் என்று கேட்டாள். வயிற்றில் அவிழும் என்றாள். எவ்வளவு கெடுதல் என்று கேட்டதற்கு, இருப்பது கொஞ்சம்தான், ஆனால் குழந்தைகளுக்கு எவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று தனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாரும் இல்லை என்றாள். பெரியவள் கழுவிய கேரட் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செக்கச்செவேலென்று, ஒரு வெடிப்பில்லாமல், ஒரு புழுவில்லாமல் இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

சின்னவள் நாளைச் சொன்னாள்.

"அன்னிக்கு உன் முன்னாடிதானே வழிச்சு வழிச்சுத் தின்னேன்."

சின்னவள் தலை குனிந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் புடவை ஓரத்தை நனைத்தது. அவள் நகரவில்லை.

"உன் பிள்ளைக்கு ஆகாது, எனக்கு ஆகும். காப்பகத்துல கிடக்கிற பிள்ளைங்களுக்கும் ஆகும். அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல சின்னவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அப்படித்தான். அவள் செய்ததற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை. தோட்டத்தை நினைத்தேன், உங்கள் முகத்தை நினைத்தேன் என்று என்னென்னவோ சொல்லத் தொடங்கி, அது எதுவும் காப்பகத்துப் பிள்ளைகள் காதில் ஏறாது என்று தோன்றி நிறுத்தினாள்.

பெரியவள் இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நம்ம வீட்டுல பாப்பான்னு ஒருத்தி இல்லைன்னா, இதை என்கிட்ட சொல்லியிருப்பியா?"

"தெரியலக்கா," என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்தாள். கூடைகளைத் தாண்டி, தழைக் குவியலைத் தாண்டி, ஈரக் காலோடு வீட்டுக்குள் போனாள். போனில் எண்ணை அழுத்தும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. சின்னவள் பின்னாலேயே போய்ச் சமையலறைக் கதவோரம் நின்றாள். நாளைக்குக் கேரட் வராது, இந்தப் பருவத்துக்கே வராது என்று பெரியவள் சமையல்கார அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். விளைச்சல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தான் காட்டிய தாளை நம்ப வேண்டாம், மண்ணில் இருந்தது கேரட்டுக்குள் போயிருக்கிறது என்றாள். யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும்.

"எங்க வீட்டுலதான் கண்டுபிடிச்சோம். முன்னாடி தப்பாச் சொன்னதும் நாங்கதான்."

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் பெரியவளுக்கு இல்லை. என் ஓரகத்தி சொன்னாள், நான் விதைத்தேன் என்றிருந்தால் அது முழுக்க உண்மையாக இருந்திருக்கும், தெருவும் அதை ஆசையோடு கேட்டுக்கொண்டிருக்கும்.

"ஆமா, பாப்பாவுக்கும் கொடுத்தோம்," என்று போனில் சொன்னபோது மட்டும் பெரியவளின் குரல் தடுமாறியது. "கொடுத்ததனாலதான் சொல்றேன். உங்க பிள்ளைங்களுக்கு வேண்டாம்மா."

போனை வைத்தாள். குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவி முடித்துத் துடைத்தவள் மறுபடி சோப்பை எடுத்தாள். வெளியே இருக்கும் கூடைகளை என்ன செய்வது என்று முதுகைக் காட்டியபடியே கேட்டாள். குப்பைக்குழியில் போட்டால் திரும்ப மண்ணுக்குத்தான் வரும், ஆய்வுக்கூடத்தில் கழிவுகளை எரிக்கும் உலை இருக்கிறது, தலைவரைக் கேட்டு அங்கே அனுப்பலாம் என்றாள் சின்னவள். நிலத்தில் இருப்பதையுமா என்று கேட்டாள் பெரியவள். நிலத்தில் இருப்பதையும்தான். பெரியவள் சரி என்றாள்.

உள்ளறையில் பாப்பா விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வழக்கமாக முதல் சிணுங்கலிலேயே பெரியவள் பாதி தூரம் போயிருப்பாள். இன்றைக்கு நின்ற இடத்தில் நின்றாள், ஈரக்கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு.

"நீ போய்த் தூக்கு. நான்தானே எல்லாத்தையும் ஊட்டினேன். இந்தக் கையாலதானே."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். மதிலோரம் போனதற்கு அழாதவள், காப்பகம் போனதற்கு அழாதவள், இதற்கு அழுதாள். நான் சொன்னதால்தானே ஊட்டினீர்கள் என்று சின்னவளும் அழுதாள். பாப்பா பொறுமையிழந்து கத்தினாள்.

சின்னவள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். தான் வைத்துக்கொள்ளாமல், கேட்டுக்கொண்டு நிற்காமல், நேரே கொண்டுவந்து பெரியவளின் இடுப்பில் உட்காரவைத்தாள். பெரியவளின் கை முந்தானையிலிருந்து தானாக வெளியே வந்து குழந்தையின் முதுகைப் பிடித்தது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு, பெரியம்மாவின் கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள், அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பசி. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தாள், காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள், கடைசியாகச் சின்னவளைப் பார்த்தாள்.

"சரி, இப்ப இவளுக்கு என்ன கொடுக்கலாம்? யோசிச்சுச் சொல்லு."

சின்னவள் இந்தமுறை யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.